எங்கட கார், அறுநூற்றெட்டு

மகளின் கலியாணத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது நான் ஓர் இலக்கத்தை மாற்றிச் சொன்னேன். எட்டு என்று சொல்லவேண்டிய இடத்தில் மூன்று என்று சொன்னேன். செய்தது அவ்வளவுதான். அதன் பிறகு ஆறு கிழமையும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துடைத்த அடுப்பைத் திரும்பவும் துடைத்தேன். ஒன்றும் வாங்கத் தேவையில்லாமல் மூலையிலிருக்கும், இங்கே தெப்பனர் என்று சொல்கிற சில்லறைக் கடைவரை நடந்து போய், பால் வாங்கிக்கொண்டு வந்தேன். குளிர்பெட்டியில் ஏற்கெனவே மூன்று பெட்டி பால் இருந்தது. கணவர் அதைப் பார்த்துவிட்டு, வீட்டில் கன்றுக்குட்டி வளர்க்கிறோமா என்று கேட்டார்.

இலக்கம் பிழைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாததல்ல. வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றின் கவுண்டரில் பதினெட்டு வருடமாக நிற்கிறேன். வருகிறவர்கள் மெக்கானிக்மார். அவர்கள் பிரெஞ்சில் கேட்பதை நான் இலக்கமாக மாற்றிக் கணினியில் தட்டவேண்டும். ஓர் இலக்கம் மாறினால் பிரேக் பொருந்தாது, பெல்ட் நீளம் காணாது, மெக்கானிக் திரும்பி வந்து கத்துவான். பதினெட்டு வருடத்தில் நான் பிழைவிட்டது குறைவு. அப்படிப்பட்டவள் தெரிந்துகொண்டே ஒரு பிழையைச் சொன்னேன், அதுவும் என் அப்பாவின் காரின் இலக்கத்தை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அது ஒரு ஏ ஃபோர்ட்டி. செய்த கொம்பனியின் பெயரை யாழ்ப்பாணத்தில் யாரும் சொல்வதில்லை. ஏ ஃபோர்ட்டி என்றால் போதும், அதுவும் எங்கள் வாயில் வரும்போது 'ஏ போட்டி' ஆகிவிடும். என்ன போட்டி, யாரோடு போட்டி என்று சின்ன வயதில் நான் கேட்டதாக அம்மா சொல்லுவார். குண்டான முன்பக்கம், உருண்ட தோள்கள், மூக்கு நுனியில் பறப்பதுபோல் சாய்ந்த ஆங்கில ஏ எழுத்து, கறுப்பு நிறம். கறுப்புத் தகட்டில் வெள்ளையாக ஈ.என். 4608. ஊரில் அதற்கு 'அறுநூற்றெட்டு' என்றுதான் பெயர். சந்தியில் நிற்கிறவர்கள் தூரத்திலிருந்தே சத்தத்தை வைத்து, அறுநூற்றெட்டு வருது என்பார்கள்.

அப்பா அதை 'எங்கட கார்' என்பார். அது எங்கள் வளவில், கிடுகுக் கொட்டிலில் நின்றது. கழுவுகிறவர் அவர், கிரீஸ் பூசுகிறவர் அவர், பழுது பார்க்கிறவரும் அவர்தான். அதன் சொந்தக்காரர் சந்தையடியில் புடவைக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி. அப்பா வாடகைக்கு ஓட்டும் சாரதி. முதலாளி மாதத்தில் ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வருவார். படலை திறக்கிற சத்தம் கேட்டதும் அப்பா மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்துக் கணுக்கால்வரை விட்டுவிடுவார். அந்த ஒரு அசைவில் எனக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். விளங்கியதா இல்லையா என்று இப்போது சத்தியமாகச் சொல்ல முடியவில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் எங்கட கார் என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

மொன்றியலுக்கு நான் வந்தது கலியாணப் பெண்ணாக, ஸ்பொன்சரில். செயின்ட்-மிஷேலில் மூன்றாம் மாடியில் இருந்த அந்த அறைகளில் எங்களோடு கணவரின் அக்காவும் இருந்தார். வந்து மூன்றாம் நாள், கருவாடு பொரித்துக்கொண்டே, அப்பா என்ன செய்தவர் என்று மச்சாள் கேட்டார். நான், எங்களிட்டை ஒரு ஏ போட்டி இருந்தது என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையே வேறு. கார் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை என்று அன்று பின்னேரமே தொலைபேசியில் யாருக்கோ சொன்னார். நான் மறுக்கவில்லை. பொய் சொன்னேன் என்று அப்போது நினைக்கவும் இல்லை. இருந்ததுதானே, எங்கள் வளவில்தானே நின்றது என்று மனதுக்குள் பூசி மெழுகிக்கொண்டேன். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. முப்பது வருடத்தில் கணவருக்கும் பிள்ளைக்கும் அதுதான் வரலாறு.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், என் கணவர் இந்த நகரத்தில் பன்னிரண்டு வருடம் டாக்ஸி ஓட்டியவர். அதை நான் எங்கேயும் பெருமையாகச் சொல்லுவேன். பனியிலும் மழையிலும் ஓடி எங்களை ஆளாக்கினார் என்பேன். மொன்றியலில் கார் ஓட்டினால் அது உழைப்பு. யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டியது மட்டும் என் வாயால் வராது. ஏன் என்று கேட்டால் எனக்கு ஆத்திரம்தான் வரும், பதில் வராது.

எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒரு படம் தொங்குகிறது. அறுநூற்றெட்டுக்கு முன்னால் அப்பாவும் நானும். எனக்கு ஐந்து வயது இருக்கும். இலக்கத் தகட்டுக்கு நேர்முன்னால் நான் நிற்பதால் ஈ.என். என்பது மட்டும்தான் தெரியும், இலக்கம் என் சட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அப்பாவின் கை காரில் படவில்லை. சாரம் கணுக்கால்வரை இறங்கியிருக்கிறது. ஏனென்றால் படத்தை எடுத்தவர் முதலாளி. வெள்ளைக்காரன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் ஊரிலிருந்து வந்த ஒருவர் நின்று நிதானமாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சம்பந்தி நின்று நிதானமாகப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தாய் அவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறார், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு. பிள்ளைகள் தாங்களே பார்த்து விரும்பிக்கொண்டதால் நாங்கள் சந்தித்ததே கலியாணம் முற்றான பிறகுதான். குளிர்காலம் முடிகிற நேரத்தில் அஹுன்ட்சிக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முதல்தரம் வந்தார்கள். மற்றவர்கள் இருந்து கதைக்க, அவர் மட்டும் தேநீர்க் கோப்பையோடு எழுந்து அந்தப் படத்தடியில் போய் நின்றார். கனநேரம் நின்றார். பிறகு, இது எவடம் என்று கேட்டார். சொன்னேன். தான் பக்கத்து ஊர் என்றார். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் என்று நான் மரியாதைக்குக் கேட்டேன். பட்டணத்தில் இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னார். விடிந்தால் அப்பா எட்டுப் பெண்பிள்ளைகளை அடைத்து ஏற்றிக்கொண்டு போனது அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார், நல்ல தேநீர் என்றார், போய்விட்டார். கேட்டிருந்தாலாவது பரவாயில்லை. கேட்காமல் போன மனிதரை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிந்தேன். தெரிந்துவிட்டதா? தெரிந்தால் சொல்லியிருப்பாரே. சொல்லாமல் வைத்திருந்து நல்ல நேரம் பார்த்து எடுத்துவிடப் போகிறாரா? ஒரு சாரதியின் பிள்ளை முதலாளியின் பிள்ளை மாதிரி நடித்தாள் என்று மாப்பிள்ளை வீட்டில் கதை கிளம்பினால், என் மகள் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு போவாள்? இதே கேள்விகள் கவுண்டரில் நிற்கும்போதும் வந்தன, வீதியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் வந்தன. ஒருநாள் பச்சை விழுந்தது தெரியாமல் நின்று, பின்னால் வந்தவனிடம் நல்ல கியூபெக் பிரெஞ்சில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் மகள் துள்ளிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை கோயிலுக்கு வருவதற்கு ஒரு ஏ ஃபோர்ட்டி கிடைத்துவிட்டதாம். அம்மப்பாவின் கார் மாதிரியே. எனக்கு ஒரு இன்ப அதிர்ச்சி கொடுக்க நினைத்தாளாம். அதிர்ச்சி கிடைத்தது. இன்பத்தைத்தான் காணவில்லை.

கார் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. ஓய்வுபெற்ற ஒரு கியூபெக்காரர், மின்சார வேலை செய்தவர், தன் கராஜில் வைத்திருந்தார். கதவைத் தூக்கினார். உள்ளே அது நின்றது. நிறம் சாம்பல்பச்சை. மற்றபடி அதே குண்டு முகம், அதே தோள், அதே பறக்கும் ஏ. நான் யோசிக்காமல் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தேன். முன்சீட்டில் சாரதிக்குப் பக்கத்தில் இருக்கிறவர் இடதுபக்கம்தானே ஏறுவார். நிமிர்ந்து பார்த்தால் என் நெஞ்சுக்கு முன்னால் ஸ்டியரிங். கனடாவில் முப்பது வருடம் பக்கத்துச் சீட்டுக்கு வலதுபக்கம் ஏறிப் பழகிய உடம்பு, அந்தக் காரைக் கண்டதும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது. கியூபெக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஓட்டப் போகிறீர்களா மதாம் என்றார். நான் இறங்கவில்லை. கையை ஸ்டியரிங்கில் வைத்துப் பார்த்தேன். அது மெல்லியது, பெரியது. அப்பா ஒருநாளும் என்னை அந்தச் சீட்டில் இருக்க விட்டதில்லை.

அந்த மனிதரிடம் தடித்த கோப்பு ஒன்று இருந்தது. பழைய விளம்பரங்கள், கையேடுகள், ரசீதுகள். காரின் வரலாற்றை அவர் தன் வீட்டுக் கதை மாதிரிச் சொன்னார். உலகச் சண்டை முடிந்தபோது பிரித்தானியாவிடம் டொலர் இல்லை. வெளிநாட்டுக்குக் கார் விற்கிறவனுக்குத்தான் இரும்பு என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. அதனால் சொந்த நாட்டில் சனம் காருக்கு வருடக்கணக்கில் காத்திருக்க, தொழிற்சாலை கப்பல் கப்பலாக வெளியே அனுப்பியது. முதலில் வந்தவை இரண்டு. நாலு கதவு வைத்தது டெவன், இரண்டு கதவு வைத்தது டோர்செட். ஐம்பதுகள் தொடங்கியதும் சொமர்செட் வந்தது, அதுதான் எங்கள் உருண்டைக்காரி. அதன் பிறகு பெட்டி மாதிரிக் கேம்பிரிட்ஜ். எல்லாம் இங்கிலாந்தின் இடப் பெயர்கள். ஆயிரத்து இருநூறு சிசி எஞ்சின், கியர் ஸ்டியரிங் தண்டில், வேண்டுமென்றால் முன்னால் ஹாண்டில் போட்டுச் சுழற்றியும் ஸ்டார்ட் பண்ணலாம். அமெரிக்கக் கார் வாங்க வசதியில்லாதவர்கள் மொன்றியலில் இதை வாங்கினார்கள். அவருடைய தகப்பனும் புதிதாக ஒரு டெவன் வாங்கினார். பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு ஐந்து வருடத்தில் அதைத் தின்றுவிட்டது. தரையில் ஓட்டை விழுந்து, ஓடும்போது காலடியில் வீதி தெரியுமாம்.

அதே தொழிற்சாலையிலிருந்து கொழும்புக்குப் போனவை ஏன் இன்னும் ஓடுகின்றன என்று அவருக்கு ஆச்சரியம். அங்கே பனி இல்லை என்றேன். அது மட்டும் காரணமில்லை என்று எனக்கே தெரியும், அதனால் மற்றதையும் சொன்னேன். இறக்குமதி நின்றது, பிறகு சண்டை வந்தது, வேறு கார் கிடைக்காது, ஆகவே இருந்ததை விடவில்லை. பெற்றோலும் வராமல் தடுக்கப்பட்டபோது மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைக் கட்டித் தொங்கவிட்டு, அதைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து எஞ்சினைச் சூடாக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை, வீடு முழுக்க விளக்கு மணம். முதலாளி கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடும் போன பிறகு அப்பா அப்படித்தான் வருடக்கணக்கில் ஓட்டினார். முதலாளியை நான் கதையிலிருந்து எடுத்துவிட்டேன், மற்றதெல்லாம் உண்மை.

கியூபெக்காரர் வாயைத் திறந்தபடி கேட்டார். மகள் பெருமையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்கள் அப்பா மெக்கானிக்கா என்று அவர் கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை, சாரதி, அது இன்னொருவரின் கார் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? நான், கார்களில் நல்ல விருப்பம் என்றேன்.

அப்போதுதான் மகள் அந்த யோசனையைச் சொன்னாள். கியூபெக்கில் காருக்குப் பின்னால் மட்டும்தான் இலக்கத் தகடு, முன்பக்கம் வெறுமை. அங்கே அம்மப்பாவின் இலக்கத்தைச் செய்து பூட்டலாம். கறுப்புத் தகடு, வெள்ளை எழுத்து. கியூபெக்காரர் உடனே பேனாவை எடுத்தார். ஈ.என். என்பது படத்தில் இருப்பதால் மகளுக்குத் தெரியும். இலக்கம்தான் தெரியாது. இருவரும் என் வாயைப் பார்த்தார்கள். நாலு, ஆறு, சைபர் என்றேன். சம்பந்தி கோயில் வாசலில் நின்று அறுநூற்றெட்டு என்று வாசிப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. மூன்று என்றேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதே நெஞ்சு கேட்கவில்லை. திரும்பிப் போய்ச் சொல்லலாமா என்று இரண்டு தரம் நின்றேன். மகள் கால் வலிக்கிறதா என்று கேட்டாள். அதன் பிறகுதான் பால் வாங்கும் விளையாட்டெல்லாம். கணவரிடம் சொல்ல மூன்று தரம் வாயெடுத்தேன். ஒருதரம் அவர் மண்டபக்காரனோடு தொலைபேசியில் இருந்தார். ஒருதரம் நித்திரை. மூன்றாம் தரம் அவர் ஆறுதலாக இருந்து, என்ன சொல்லு என்றார். பூக்காரிக்குச் சொல்லியாச்சோ என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன்.

கலியாணத்துக்கு முந்தின கிழமை மகள் ஒரு மட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். காரின் கண்ணாடிக்கு உள்ளே வைப்பதற்காம். அழகான எழுத்தில், பிரெஞ்சில் ஒரு வரி. என் தாத்தா பொஸேடே பண்ணிய அதே கார். மற்றச் சொற்களை விட்டுவிடுங்கள், அந்தப் 'பொஸேடே' என்ற சொல்லில் என் கண் குத்தி நின்றது. உடைமையாக வைத்திருந்தார் என்று அதற்குப் பொருள். பத்திரத்தில் எழுதுகிற சொல். அப்பா ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. எங்கட கார் என்றார், அவ்வளவுதான். எங்கட கோயில் என்கிறோம், எங்கட சந்தி என்கிறோம், எழுதி வாங்கியா வைத்திருக்கிறோம்? தமிழில் உண்மையாக இருந்த ஒன்று பிரெஞ்சுக்குப் போனதும் பச்சைப் பொய்யாகிவிட்டது. பிள்ளையில் பிழையில்லை, அவள் கேட்டதைத்தான் எழுதினாள். எழுத்து வடிவாய் இருக்குது என்றேன். அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது, ஓங்கி ஒன்று போடவேண்டும்போலவும் இருந்தது. அந்த அடி எனக்குத்தான் விழுந்திருக்க வேண்டும்.

கலியாண நாள் காலை நல்ல வெயில். கோயில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், மாப்பிள்ளை வீட்டிலிருந்து கிட்ட. நெடுஞ்சாலையில் தன் கிழவியை ஓட விடமாட்டேன் என்று சொல்லி, கியூபெக்காரர் அஹுன்ட்சிக்கிலிருந்து ஆற்றோர வீதியால் மெல்ல மெல்ல ஓட்டிக்கொண்டு வந்து மாப்பிள்ளையை ஏற்றியிருந்தார். நாதஸ்வரம் தொடங்க, கோயிலின் வாகனத் தரிப்பிடத்துக்குள் அது திரும்பியது. பின்சீட்டில் தலைப்பாகையோடு மாப்பிள்ளையும் தோழனும். முன்சீட்டில், கியூபெக்காரருக்குப் பக்கத்தில், சம்பந்தி.

ஆரத்தி எடுத்தார்கள். சனம் மாப்பிள்ளையோடு உள்ளே போனது. சம்பந்தி போகவில்லை. காரைச் சுற்றி முன்பக்கம் வந்து நின்றார். படத்துக்கு முன்னால் நின்ற அதே நிலை, கைகளை மட்டும் கட்டியிருந்தார். ஐயர் கூப்பிடுகிறார், மாப்பிள்ளையின் தாய் இல்லாமல் ஒன்றும் தொடங்காது. நான் போய்த்தான் கூப்பிட வேண்டும். போனேன். அக்கா, உள்ளுக்கு வாங்கோ, தேடுகினம் என்றேன்.

அவர் திரும்பவில்லை. தகட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கடைசி இலக்கம் பிழை. இது அறுநூற்றெட்டெல்லே."

ஆறு கிழமையாக நான் பதில்கள் தயார்பண்ணி வைத்திருந்தேன். செய்தவன் பிழையாகச் செய்துவிட்டான் என்று சொல்லலாம். அதையும் ஒரு பாவமும் அறியாத அந்தக் கியூபெக்காரரின் தலையில் போடவா?

"நான்தான் மாத்திச் சொன்னனான்" என்றேன். "அப்பா அதை வைச்சிருக்கேல்லை, அக்கா. ஓட்டினவர். உங்களுக்குத் தெரிஞ்சிடும் எண்டுதான் மாத்தினனான்."

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார் அவர். "நாங்கள் எட்டுப் பேர் போறனாங்கள். கார் நிறைஞ்சால் உங்கட அப்பா தன்ர பிள்ளையைத் தூக்கி முன்சீட்டிலை என்ர மடியிலை வைப்பார். சந்தையடி மட்டும் வந்து இறங்குவியள். தலைக்கு எண்ணெய் வழிய வைச்சு, என்ர வெள்ளைச் சட்டையெல்லாம் பழுது. அம்மா என்னைத்தான் பேசுவா."

நான் அவரைப் பார்த்தேன். முன்சீட்டில் ஒரு மடியும், கஞ்சி போட்ட வெள்ளைத் துணியின் மணமும் எனக்கு நினைவிருந்தன. முகம் நினைவில் இருந்ததே இல்லை. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபோது குரல் கொஞ்சம் கோபமாகவே வந்தது. ஆறு கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

"நீங்கள் சொல்லேல்லை. சொல்ல விருப்பமில்லையாக்கும் எண்டு நானும் விட்டிட்டன்" என்றார். பிறகு, "முதலாளியை நாங்கள் ஒருநாளும் காணேல்லை, தங்கச்சி. எங்களுக்கு அறுநூற்றெட்டு எண்டால் உங்கட அப்பாதான்" என்றார்.

அழுகை வந்தது. கண்மை கரையும் என்று அடக்கிக்கொண்டேன். அவர் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கண் துடைக்க லேஞ்சி தருகிறார் என்று நினைத்தேன். எடுத்தது கடதாசியில் மடித்த ஒரு திருநீற்றுச் சரை. கியூபெக்காரரிடம் தண்ணீர்ப் போத்தலைக் கை காட்டிக் கேட்டு வாங்கினார். உள்ளங்கையில் திருநீற்றைக் கொட்டி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து என் முன்னால் நீட்டினார். வெள்ளை எழுத்துத்தானே, மூன்றை எட்டாக்க எவ்வளவு நேரம் என்றார்.

நான் கூறைச்சேலைக்காரியின் தாய், ஏழாயிரம் மடிப்பு வைத்த பட்டுச்சேலையோடு தரிப்பிடத்தில் குந்தி இருந்தேன். மூன்றின் இடதுபக்கத்தில் மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. கீழ் வளைவு கொஞ்சம் தடித்துவிட்டது. கியூபெக்காரர் ஏதோ சமயக் கிரியை என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு நாங்கள் இருவரும் உள்ளே ஓடினோம். ஐயருக்கு நல்ல கோபம்.

தாலி கட்டி முடிந்து, பிள்ளைகள் படம் எடுக்கக் காரடிக்கு வந்தபோதுதான் மகள் கண்டாள். இது மூன்றெல்லோ என்றாள். எட்டுத்தான் சரி என்றேன். இந்த நேரத்தில் வேண்டாம் என்று ஒரு மனம் சொன்னது. முப்பது வருடமாக அந்த மனம் சொல்லிக்கேட்டது போதும்.

"அம்மப்பா கார் வைச்சிருக்கேல்லை, பிள்ளை. அது வேற ஆளின்ர கார். அவர் வாடகைக்கு ஓட்டினவர்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் தள்ளிச் சனத்தோடு நின்ற தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பாவும் டாக்ஸி ஓட்டினவர்தானே" என்றாள்.

அவ்வளவுதான். இதற்கா நான் இத்தனை பால் வாங்கினேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அவள் கண்ணாடிக்கு உள்ளே கைவிட்டு மட்டையை எடுத்தாள். தோழனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மருதாணிக் கையால் அந்தப் பொஸேடேயைக் குறுக்கே வெட்டி, மேலே ஓட்டிய என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லை எழுதித் திரும்பவும் வைத்தாள். வெட்டியது வெட்டியபடியே தெரிந்தது. வேறு மட்டை எழுதலாமே என்று யாரோ சொன்னார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

அந்த நாள் முழுக்க நான் ஓர் இடத்தில் இருக்கவில்லை என்று கணவர் இப்போதும் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான், இருப்புக்கொள்ளாமை ஒரு நாளில் விட்டுப் போகிற வியாதி அல்ல. இப்போதும் சில நாட்களில் தெப்பனர்வரை சும்மா நடந்துவிட்டு வருகிறேன். ஆனால் பால் வாங்குவதில்லை.

புதிய படத்தைப் பழையதற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். நடுவில் பிள்ளைகள், ஒரு பக்கம் சம்பந்தியும் குடும்பமும், மறுபக்கம் என் கணவர். படம் எடுத்தவன் என்னைக் காரின் முன்னால் நடுவில் வந்து நிற்கச் சொன்னான். நான் நடந்து அரைவாசி வந்துவிட்டு, விலகி ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். என் விரலில் திருநீறு காய்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. ஈ.என். 4608 முழுக்கத் தெரிகிறது.